ஒரே நாளில் வந்த பதில்

உலக நிர்வாக வரலாற்றை யாராவது எழுதினால் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். அதன் கண்காணிப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு காகிதத்தைக்கூட நான் அவசரப்பட்டு நகர்த்தியதில்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் நூலகரின் மகள் இங்கேதான் முதுகலை படிக்கிறாள். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பல்கலைக்கழகம் அவளுக்கு ஓராண்டு ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அந்த நாட்டு அரசு அலுவலகங்கள் மக்களின் மனுக்களை எப்படிக் கையாளுகின்றன என்பதுதான் ஆய்வு. இதற்காக அந்த ஊர் மொழியையே இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்திருந்தாள். நூறு நாளுக்குள் எங்கள் தடையின்மைச் சான்று போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட முடியுமா? முதல்வர் 'உயர்மட்ட ஆப்பிரிக்க ஆய்வுக் குழு' அமைத்தார். அவர் தலைவர், நான் செயலர். வல்லுநர், எங்கள் உடற்கல்வி ஆசிரியர். விமானம் மாறுவதற்காக அந்தக் கண்டத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். அங்கே நிர்வாகம் சீர்கெட்டுக் கிடப்பதை அவர் விரிவாக எடுத்துரைத்தார். காபி ஆறிப்போயிருந்ததாம்.

'உங்களிடம் முறையான அலுவலகம் இருக்கிறதா?' என்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்கத் தீர்மானித்தோம். கடிதம் தட்டச்சாகி, திருத்தமாகி, கையெழுத்தாகி மின்னஞ்சலில் போக நாற்பது நாள்தான் ஆயிற்று.

மறுநாள் காலை பதில் வந்துவிட்டது. எல்லாக் கேள்விக்கும் விடை, பொறுப்பாளரின் தொலைபேசி எண் உட்பட.

குழு ஆடிப்போய்விட்டது.

"ஒரே நாள்ல பதில் போடுற ஆபீஸ் உலகத்துல எங்கய்யா இருக்கு? இது போலி," என்றார் முதல்வர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிகூட அதில் இல்லை. உண்மைத்தன்மையை நிரூபிக்கச் சொல்லி மறுபடி எழுதினோம். அது கிளம்ப முப்பத்தைந்து நாள். பதில் அன்று மாலையே வந்தது. சந்தேகம் இரட்டிப்பானதால் துணைக்குழு போட்டோம்.

நூலகர் தினமும் என் மேசை முன்னால் வந்து நிற்பார். சக ஊழியர் என்பதால் உட்காரச் சொல்வேன். மகள் பெட்டிகூட அடுக்கிவிட்டாள் என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை அவசரம்.

நூற்றுப் பதினோராம் நாள் சான்று தயாரானது. 'இம்மாணவி செல்வதில் இக்கல்லூரிக்கு எவ்விதத் தடையும் இல்லை.' இடம் கைவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

"அவங்க மட்டும் எப்படி ஒரே நாள்ல பதில் போடறாங்கன்னு கத்துக்கத்தான் சார் போக நினைச்சேன். உங்களுக்குத் தடை இல்லைன்னா, என்னைத் தடுத்தது யாரு சார்?"

எழுத்துமூலம் கேட்கும்படி சொன்னேன். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி வாங்கி வைத்தேன்.

பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அன்றைக்கே சொல்லிவிட்டால், எங்கள் அலுவலகத்தையும் போலி என்று சொல்லிவிட மாட்டார்களா?