மாமாவின் மணிக்கூட்டுக்கு நான் நீலம் அடித்த கதை

என் கையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருந்தால் வீட்டில் எந்தச் சாமானுக்கும் நிம்மதி இல்லை. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கல்யாணம் முடித்துக் கண்டக்குழியிலுள்ள மனைவி வீட்டுக்கு வந்த புதிதில் ஒத்துக்கொள்ளவில்லை. நுரைச்சோலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (விஞ்ஞானம் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.)

பழைய மணிக்கூடுகளைக் கழற்றி, டயலின் நிறத்தை மாற்றிப் புதிதாக்குகிற வீடியோக்கள் அப்போது என்னைப் பிடித்து ஆட்டின. வீட்டிலும் தோதாக ஒன்று இருந்தது. மனைவியின் தகப்பனிடம், அதாவது மீன்பிடிப் படகு வைத்திருக்கும் என் மாமாவிடம், சாவி கொடுக்கிற பழைய கைமணிக்கூடு. அது ஓடாது. ஆனாலும் ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகும்போது அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டுவார். வந்ததும் திரும்ப வைத்துவிடுவார். பாவம், திருத்திக் கொடுக்க ஆளில்லை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்குள் டயலைக் கடல் நீலமாக்கி, ஓடவும் வைத்து, மாமாவைத் திகைக்க வைப்பது என் திட்டம். திங்கட்கிழமை பின்னேரம் சொல்லாமல் எடுத்தேன்.

அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை தொடங்கினேன். மனைவி ஜெனிட்டாவின் புருவம் பிடுங்கும் சாமணமும் நகத்துக்குப் பூசும் நீலக் கியூடெக்ஸும்தான் ஆயுதங்கள். டயல் அழகாக, வடிவாகத்தான் வந்தது. (கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்.) ஆனால் புதன்கிழமை, நிமிஷ முள்ளைத் திரும்பப் பொருத்தும்போது அது சாமணத்திலிருந்து துள்ளியது. போனது போனதுதான். கட்டிலுக்கடியில் ஊர்ந்தேன். தலையணை உறையை உதறினேன். பிறகு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது: அறையைக் கூட்டிய மாமி, ஜன்னலால் எட்டிப் பார்த்த பூனை, என்னைக் கண்டு காரணமில்லாமல் சிரித்துவிட்டுப் போன மச்சான் நிக்சன்.

நான் அவர்களைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, என்னைச் சந்தேகிக்கவும் ஆள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜெனிட்டா என் விரலை மோந்து பார்த்தாள்.

"கியூடெக்ஸ் மணக்குது."

"அப்படியா?"

"என்ட போத்தல்ல பாதியக் காணல்ல. ஆருக்குப் பூசி விட்டீங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப என்னத்துக்குக் கதவப் பூட்டுறீங்க? ஜன்னலால ஆர் வாறது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஞாயிறு வரை சமாளித்துவிடலாம் என்று, "பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரிசோதனை" என்றேன். புது மனைவியிடம் நான் சொன்ன முதல் பொய். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு தாயின் அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை. பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மாமா அலுமாரியைத் திறந்தார்.

"மணிக்கூட்ட எடுத்தது ஆர்?"

பக்கத்து விடுதியிலிருந்து தண்ணீர் கேட்டு வந்த வெள்ளைக்காரனாக இருக்கும் என்றார் மாமி. மாமா காதில் வாங்கவில்லை. நேரே நிக்சனைப் பார்த்தார்.

"முந்தி போட் எஞ்சின்ட பிளக்கக் கழட்டி ஒளிச்சவன் இவன்தான்."

"அது பதினாலு வயசில அப்பா. இத நான் எடுக்கல்ல."

"எடுக்காட்டி மணிக்கூடு நடந்தா போச்சு? இனி என்ட போட்ல நீ ஏறத் தேவல்ல."

நிக்சன் தனியாளாகப் படகைக் கரைக்கு இழுக்கிறவன். அவன் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன். கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்தேன். எழுந்து போய், மணிக்கூட்டையும் மிச்ச உறுப்புகளையும் தேநீர்க் கோப்பை வைக்கிற ஒரு பீரிசில் வைத்துக் கொண்டுவந்தேன்.

"நான்தான் எடுத்தேன், மாமா. பழுதுதானே, திருத்துவமெண்டு..."

மாமா பீரிசையே பார்த்தார்.

"ஆர் சொன்ன பழுதெண்டு?"

"அது... ஓடாதே?"

"நான் சாவி குடுக்கிறல்ல, மருமகன். பூசை நேரத்தில மணி பாக்கக் கூடாதெண்டு."

"அப்ப ஏன் கட்டுறீங்க?"

"கைக்கு வடிவு."

ஒரு வாரமாக நான் உயிர் கொடுக்கப் பாடுபட்டது, உயிரோடு இருந்த ஆளுக்கு! மாமா எடுத்து மெல்லச் சாவி கொடுத்துப் பார்த்தார். உள்ளே என்னவோ கரகரத்தது. பிறகு அதுவும் இல்லை.

முதலில் சிரித்தது ஜெனிட்டா. நீல டயலைக் கண்டவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கா பூசினீங்க?" என்று சிரித்தாள். எனக்கு அது போதும். மாமா நிக்சனின் தோளில் கை வைத்து, "வா, பூசைக்கு நேரம்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அவ்வளவுதான். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் பின்னால் நடந்தேன்.

போன வருஷம் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். நிக்சன்தான் ஞானத் தகப்பன். கோயிலுக்குள் பிள்ளை வீரிட்டு அழுதாள். எங்கேயோ குத்துகிறதாக்கும் என்று நான் அவளைத் திருப்பி, சட்டைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். நிக்சன் கையை நீட்டினான்.

"தாங்க மச்சான். பிள்ள பழுதில்ல. பசிக்குது."

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. சுவாமியாரும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். அவருக்கு மணிக்கூட்டுக் கதையை யார் சொன்னார்கள்? எனக்கு மாமி மேல்தான் சந்தேகம்.