என் இடுப்புக்குப் போன முட்டை

நான் திருடி இல்லை. ஆனாலும் எனக்குத் தின்னக் கொடுத்த முட்டை ரொட்டியை நானே திருடியிருக்கிறேன். (சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.)

சுனாமிக்குப் பிறகு நாங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவை விட்டு அந்தமானில் சௌல்தாரிக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். என் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. நாலு வாய் சோறு உள்ளே போனால் கல்யாண விருந்து முடித்த மாதிரி மூச்சு முட்டும். ஐந்தாவது வாய் வந்த வழியே திரும்பிவிடும். சர்க்கரை வியாதி வயிற்று நரம்பைத் தூங்க வைத்துவிட்டதாம். எனக்கோ ஒரே ஆசை: ஒரு தட்டு நிறையச் சூரை மீன் குழம்புச் சோறு.

போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்குப் புது மருந்து சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று மருமகள் செல்வி கேள்விப்பட்டு என்னை இழுத்துப் போனாள். சேர ஒரு பரீட்சை உண்டு. மருந்துப்பொடி கலந்த முட்டையை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பத்து நிமிஷத்தில் தின்றுவிட்டு, அரை மணிக்கு ஒருதரம் குழாயில் ஊத வேண்டும். முட்டை வயிற்றைத் தாண்டிவிட்டதா என்று மூச்சை வைத்தே மெஷின் சொல்லிவிடும். மெதுவாகத் தாண்டினால் மருந்து உண்டு. முழுசாகத் தின்னாவிட்டால் நேராக வீட்டுக்கு.

"மாஜி, பூரா கானா!" என்றாள் வங்காளத்து நர்ஸ். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கக்கூடாதாம்.

ரொட்டி ஓரத்தைக் கடித்தேன். வயிறு கதவைச் சாத்திவிட்டது. அந்த நேரம் பார்த்து நர்ஸுக்குப் போன் வந்தது. கச்சாலில் ரப்பர் தோட்டத்து வேலையில் மேஸ்திரி பார்க்கப் பார்க்கவே வெற்றிலைப் பொட்டலத்தை மறைத்த கை இது. ஒரு ரொட்டி எம்மாத்திரம்! கைக்குட்டையில் சுற்றி, இடுப்புச் சேலைக்குள் தள்ளிவிட்டு, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தேன்.

"ஷாபாஷ் மாஜி!" என்று நர்ஸ் கை தட்டினாள்.

நாலு மணி நேரம் ஊதினேன். (குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனைப் போலீஸ்கூட இவ்வளவு ஊதச் சொல்லாது.) கடைசியில் டாக்டர் ஓடி வந்தார். மதுரைப் பக்கத்துப் பையன்.

"அம்மா, நான் இப்படிப் பாத்ததே இல்ல. முட்டை இம்மிகூட நகரல!"

"அப்ப என்னயச் சேத்துக்குவீங்கள்ல, தம்பி?"

"சேக்கறதா? வயிறு சுத்தமா நின்னுபோச்சும்மா. மருந்தெல்லாம் பத்தாது. மெயின்லேண்டுக்கு அனுப்பி ஆபரேஷன்தான் பண்ணணும்."

செல்வி ஓவென்று அழுதாள். "ஐயோ அத்தை! கஞ்சி குடிக்கலன்னு நேத்துகூட உங்களத் திட்டிட்டேனே!"

உண்மையைச் சொன்னால் மருந்து போச்சு. சொல்லாவிட்டால் வயிறு போச்சு. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். இடது இடுப்பில் கை நின்றது. முகம் வெளுத்தது.

"சிஸ்டர்! இங்க ஒரு கட்டி இருக்கு!"

நர்ஸும் அமுக்கிப் பார்த்தாள். "நரம் ஹை, டாக்டர் சாப்!" கட்டி மெத்தென்று இருக்கிறதாம்.

செல்வி அழுகையை நிறுத்தினாள். குனிந்தாள். மோந்தாள். "கட்டில முட்டை வாசம் வருது" என்று சொல்லி, உள்ளே கையை விட்டு, கைக்குட்டையோடு உருவினாள். "அத்தை!"

எனக்கு வேறு வழி? "பாத்தீங்களா தம்பி, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மெயின்லேண்டு எதுக்கு?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொரத்திராதீங்க தம்பி. முழுசாத் தின்னலன்னா மருந்து கெடைக்காதுன்னு பயந்துட்டேன்."

"அடுத்த வாரம் வாங்க" என்றார். "ஆனா சேலை கட்டக்கூடாது."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டார்கள். நர்ஸ் கன்னத்தில் கைவைத்து எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தாவது நிமிஷம் கடைசி வாயை விழுங்கினேன். முட்டை மாட்டுவண்டி வேகத்தில் போகிறது என்று மெஷின் சொன்னது. சேர்த்துக்கொண்டார்கள். ரெண்டாம் வகுப்பைத் தாண்டாத நான் வாழ்க்கையில் பாஸான ஒரே பரீட்சை அதுதான்!

சோதனை என்பதால் சிலருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுப்பார்களாம்; எனக்குக் கொடுத்தது நிஜ மருந்தா, வெறும் மாவா, அப்போது யாருக்கும் தெரியாது. மூணு மாசத்தில் அரைத் தட்டு மீன் குழம்புச் சோறு இறங்கியது. எனக்கு அது போதும்.

செல்வி மட்டும் விடுவதாயில்லை. இன்றைக்கும் வீட்டில் யாராவது வயிற்றுவலி என்று படுத்தால், முதலில் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பாள்: "கட்டி முட்டையா, வெறும் ரொட்டியா?"