ஏசிக்குள் இருந்த மோட்டார்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது என்று அர்த்தம். இப்படித்தான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஓர் ஏசி. கெடுத்த பிறகும் கோபம் மட்டும் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் இயற்பியல் வாத்தியார். வீடு, புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற ரோட்டில். வீட்டுக்குப் பின்னால் நைனாவின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தக்காளித் தோட்டம், அதன் மூலையில் போர் மோட்டார் ஷெட். எங்கள் ஆந்திராவில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். ஆனால் பகலில் மட்டும்தான் விடுவார்கள், பொழுது சாய்ந்தால் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக் கரண்டுக்கு மீட்டர் உண்டு, பில் உண்டு. இந்த இரண்டும் வேறு வேறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். (தெரிந்து என்ன பிரயோஜனம்.)

போன வருஷம் கோடை லீவுக்கு முன்னால் ஏசி வாங்கினேன். மாட்ட ஆள் வருகிற அன்று எனக்குக் காலேஜில் பரீட்சை டியூட்டி. பொறுப்பை நைனாவிடம் விட்டேன். அவர் ஏசியின் வெளிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்குள்ள இன்னாடா கீது, இந்தக் கனம் கனக்குது?"

"மோட்டார் இருக்கு நைனா."

"மோட்டாரா?"

"ஆமா. உங்க போர்ல இருக்கிற மாதிரிதான், கொஞ்சம் சின்னது."

அவர் ரொம்ப நிதானமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

லீவு விட்டது. பகலெல்லாம் ஏசி பிரமாதமாக ஓடியது, போர்வை தேடினேன். ஆனால் பொழுது சாய்ந்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். ஃபேன் ஓடும், டிவி ஓடும், இது மட்டும் செத்துக் கிடக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் பகலில்தான் வருவான். வந்து போட்டால் ஜம்மென்று ஓடும். "நல்லாத்தானே சார் கீது" என்று என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவனோடு ஒரு சண்டை. ஸ்டெபிலைசர் விற்ற கடைக்காரனோடு ஒரு சண்டை. கரண்ட் பில் மட்டும் ஏறவே இல்லை. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் மின்சாரச் சிக்கனம் பற்றி இலவச வகுப்பு எடுத்தேன்.

கடைசியில் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபம். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடையது. முகூர்த்த நாளில் அதன் மொட்டை மாடியிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பி, நேராகக் கம்பத்து லைனில் கொக்கி போட்டுத் தொங்கும். ஊரே பார்க்கும்படி தொங்கும். ஜெனரேட்டர் ஒன்று உண்டு, அதன் மேல் பந்தி ஆட்கள் துண்டு காயப்போடுவார்கள். சாயங்காலம் அங்கே சீரியல் லைட் மினுக்கென்று எரியும் நேரமும் என் ஏசி சாகிற நேரமும் ஒன்று. திருடன் அகப்பட்டான் என்று முடிவுகட்டினேன். ஃபேனுக்குக் குறைந்த வோல்டேஜ் போதும், ஏசிக்குப் போதாது என்று மனைவி சுமதிக்குப் படம் போட்டு விளக்கினேன். கல்யாணமில்லாத நாளிலும் ஏசி நிற்கிறதே என்று அவள் கேட்டாள். குறுக்கே பேசாதே என்றேன்.

லைன்மேன் ரெட்டெப்பாவிடம் போய்க் கத்தினேன். "சூஸ்தாம் சார்" என்றார். (தெலுங்கில் பார்க்கலாம் என்று அர்த்தம். கரண்ட் ஆபீஸ் வழக்கில் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம்.) எத்தனை தடவை போனாலும் அதே சூஸ்தாம். எனக்கு ரத்தம் கொதித்தது. மாதாமாதம் ஒழுங்காகப் பில் கட்டுகிறவன் வியர்வையில் நனைய வேண்டும், கொக்கி போடுகிறவன் ஊருக்கே வெளிச்சம் காட்டுவானா? திருப்பதிக்குப் போய், மின் திருட்டைப் பிடிக்கும் ஸ்குவாடிடம் புகார் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் தெரிந்ததும் நைனாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"வாணாண்டா. கரண்ட் ஆபீஸ் ஆளுங்கள வூட்டாண்ட இட்டுக்கினு வராத."

"உங்கள மாதிரி பயந்து பயந்து வாயை மூடிக்கினு இருக்கிறவங்களாலதான் திருடனுங்க கொழுத்துப் போறானுங்க" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம் ஜீப் வந்தது. கண்டிப்பான முகத்தோடு ஓர் அதிகாரி அம்மாள் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் யார் என்கிறீர்கள்? ரெட்டெப்பா. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்னால் போய் நின்றால் கொக்கியைக் காணோம், ஒயரைக் காணோம். பிறந்ததிலிருந்து ஓடாத ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் முன்னாடி இங்கதான் தொங்கிச்சு மேடம்."

"ஏமீ லேதே சார்" என்றார் அவர். ஒன்றுமில்லையே என்கிறார். ரெட்டெப்பா வானத்தைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் எனக்குத்தான் கோபம் வந்துவிட்டதே. "வாங்க மேடம், என் வீட்டு வோல்டேஜைச் செக் பண்ணுங்க, என் ஏசி எப்படிச் செத்துக் கிடக்குதுன்னு உங்க கண்ணால பாருங்க" என்று நானே கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நைனா குறுக்கே நின்றார்.

"வூடு பெருக்கல. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லு."

அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரி மீட்டரைச் சோதித்தார். வோல்டேஜ் நன்றாக இருந்தது. ஏசியைப் போட்டார், செத்தது செத்ததுதான். பிறகு ஏசியின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது சுவிட்ச் போர்டுக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாக வெளியே போனது.

"ஈ வைரு எக்கடிகி போதோந்தி?"

அது எங்கே போகிறது என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஆனால் உற்சாகம் தாங்கவில்லை. மண்டபத்துக்காரன் என் வீட்டிலிருந்தே உறிஞ்சுகிறான் என்று கத்திக்கொண்டே செல்போன் டார்ச்சோடு முன்னால் ஓடினேன். ஒயர் முருங்கை மரத்தில் ஏறி, வேலிக்கு அடியில் நுழைந்து, தக்காளிப் பாத்தி ஓரமாகப் போய், எங்கள் மோட்டார் ஷெட்டுக்குள், எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போய் முடிந்தது. விவசாயக் கரண்ட் நின்றால் என் ஏசியும் நின்றிருக்கிறது. எத்தனை வருஷமாகக் கரண்ட் பாடம் நடத்துகிறேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"அய்யய்யோ, இதி எவரு வேசினாரு மேடம்?" என்று பதறினார் ரெட்டெப்பா. யார் போட்டது? அவர்தான் போட்டது. ஒரு கூடை தக்காளி வாங்கிக்கொண்டு அவர் கையாலேயே இழுத்த ஒயர் அது. நைனா அவரை ஒரு தரம் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. அதிகாரியிடம் திரும்பிச் சொன்னார்.

"மோட்டாருக்கு ஃப்ரீன்னுதான மேடம் கவர்மென்ட்ல குட்த்தாங்க? மோட்டாருக்குத்தான் போட்டேன். இதுக்குள்ள கீறதும் மோட்டாருதான். எம்புள்ள சொன்னான். காலேஜ்ல கரண்ட் பாடம் சொல்றவன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "மீரு செப்பினாரா?" நீங்களா சொன்னீர்கள் என்கிறார்.

என்ன சொல்வது? இயற்பியல்படி அது சரி.

அபராதம் போட்டார்கள். அது போகட்டும். எல்லாம் தீரும்வரை மோட்டார் லைனைப் பிடுங்கிவிட்டார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மே மாத வெயில், காய் பிடித்து நிற்கிற தக்காளி. மேடம் என்று கெஞ்சினேன். ரூல் என்றார். ஜீப் ரோட்டு முனை திரும்புவதற்குள் ரெட்டெப்பா அதே ஏணியில் எதிர்க் கம்பத்தில் ஏறினார். மண்டபத்துச் சீரியல் லைட் பளிச்சென்று எரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்த ஒரு கோபத்தில் மட்டும் நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

மிச்ச லீவு முழுக்கப் பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். ஏசியில் படுத்த உடம்பு எரிந்தது. பாதித் தோட்டம் அப்படியே கருகிவிட்டது. நைனா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். ஒயர் விஷயம் முன்னமே தெரியுமா என்று சுமதியிடம் கேட்டேன்.

"தெரியும். சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். நீங்க எங்க பேச வுட்டீங்க?"

இப்போது ஏசி மீட்டரில்தான் ஓடுகிறது, நான்தான் பில் கட்டுகிறேன். ஆனால் வீட்டில் யாரும் அதை ஏசி என்று சொல்வதில்லை. "மோட்டார் போடட்டுமா?" என்றுதான் சுமதி கேட்பாள். வருகிற சொந்தக்காரர்களும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார்கள். எதிர் மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் அந்தக் கொக்கி வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து என் கட்டில் மேல் விழும், நான் ஏசியைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி படுத்திருப்பேன். அப்போது நைனா கதவருகே வந்து நிற்பார். அந்தக் கருகின தோட்டத்தைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

"மோட்டார நிறுத்துடா. தக்காளிக்குத் தண்ணி பாஞ்சிருக்கும்."