தலையணைக்குள் இருக்கும் வீடு

காஜா பேராங், மலாக்கா
பார்த்திப ஆண்டு, ஆடி 24

மதிப்புக்குரிய மாப்பிள்ளை பொன்னுதுரை அவர்களுக்கு, மைத்துனன் கலியாணசுந்தரம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பாக்கியலட்சுமியும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நலம். அவ்விடம் தாங்களும் என் தங்கை கோகிலாவும் குழந்தைகளும் அதே கிழங்கின் தயவில் நலமாயிருக்க முருகன் அருள்வானாக.

இங்கிருந்து கிளேபாங்குக்குச் சைக்கிளை மிதித்தால் சட்டை நனைவதற்குள் வந்துவிடலாம். இருந்தும் நாம் இருவரும் சீமைக்கு எழுதுவதுபோல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில் கோகிலாவின் பங்கை நான் கொண்டுவந்து கொடுப்பதா, நீங்கள் வந்து வாங்கிக்கொள்வதா என்பதில் உங்கள் மரியாதைக்கும் என் மரியாதைக்கும் ஒத்துவரவில்லை. நடுவில் அகப்பட்டவள் பாக்கியம்தான். உங்கள் கடிதத்தையும் என் கடிதத்தையும் அவள்தான் கால்நடையாகச் சுமக்கிறாள். முன்பெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவாள். இப்போது என்னவோ, "எழுதி முடிச்சாச்சா? நான் கெளம்பணும்" என்று அவளே அவசரப்படுத்துகிறாள். நல்ல மனசு.

முதலில் கூரை விஷயம். உங்கள் கல்யாணத்தின்போது ஓடு மாற்றியதற்கு உங்கள் தகப்பனார் பணம் கொடுத்தார், ஆகையால் கூரைக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டீர்கள். கூரைக்குத் தனிப் பங்கு என்றால் கிணற்றுக்கு யார், கதவுக்கு யார்? வாங்கிய துணிக்கடை அப்துல் கய்யூம் அவர்கள் கூரையையும் வீட்டையும் சேர்த்துத்தானே வாங்கினார்? நல்லவேளை, சரிபாதி என்று நீங்களே பெரிய மனசோடு ஒப்புக்கொண்டீர்கள். சரி, தீர்ந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் ராகு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பணம் கை மாறியதால் அது ராகு காலப் பணம், தொடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, அது ஜப்பான்காரன் மணி! தோக்கியோ நேரத்துக்கு நம் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டான் என்பது உங்களுக்குத் தெரியாதா? சூரியன் கணக்குப்படி அப்போது ஒன்பதரைதான். ராகு என்ன, ஜப்பான்காரனிடம் உத்தியோகம் பார்க்கிறாரா, அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து வருவதற்கு? இதை நான் எழுத, ராஜாங்கம் எந்த மணியோ அந்த மணிதான் ராகுவுக்கும் என்று நீங்கள் பதில் எழுத, அதற்கு நான் மறுப்பு எழுத, அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பணம் வாங்கினால் தங்காதாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் தோஷம் கழித்து வாங்கிக்கொள்வீர்களாம். நானும் வீம்புக்கு, வந்தால் தருகிறேன், வராவிட்டால் இருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு அத்தனையையும் பெட்டியில் அடைக்க முடியாமல் தலையணைக்குள் திணித்து, பாக்கியத்தைவிட்டுத் தைக்கச் சொல்லி, அதன்மேல் தலை வைத்துப் படுக்கிறேன். முதல் வாரம் கழுத்து பிடித்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது வலி இல்லை. பணத்துக்கும் கழுத்து பழகிவிட்டது போலிருக்கிறது. விற்ற வீட்டிலேயே பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறேன், மாப்பிள்ளை. அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டின வீடு இன்று என் தலைக்கு அடியில் கிடக்கிறது. இதைத்தானா இவ்வளவு நாள் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தோன்றும். தூக்கம் வராது.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பசாரில் எதைக் கேட்டாலும் நேற்றைய விலை இன்று இல்லை. விற்ற அன்று கோகிலாவின் பங்குக்கு ஒரு நல்ல பசு வாங்கியிருக்கலாம். இன்றைக்குக் கன்றுக்குட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆவணி முகூர்த்தத்தில் கயிறு வாங்கலாம். நமக்குள் இருக்கும் வழக்கில் யார் ஜெயித்தாலும் தோற்கப்போவது பிள்ளைகளின் வயிறுதான்.

பசு என்றதும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யாரோ ஒரு புண்ணியவானுடைய இரண்டு பசுக்களை உங்கள் கொட்டகையில் கட்டி, கொஞ்சம் பாலுக்காகக் கோகிலா அவற்றைப் பராமரிக்கிறாளாமே? பாக்கியம் சொன்னாள். இங்கேயும் ஒரு மாதமாகக் காப்பியில் பால் இருக்கிறது. சோளத்தை வறுத்த காப்பிதான் என்றாலும் பால் பால்தானே. என் தங்கை கொடுத்தனுப்பியது என்று தெரிந்ததும் தொண்டையில் இறங்கவில்லை. அப்பா மடியைவிட்டு இறக்காமல் வளர்த்த பெண், பிறத்தியார் மாட்டுக்குச் சாணம் அள்ளுகிறாள்! அவள் பணமோ என் தலைக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு வெட்கமாயிருக்கிறது, மாப்பிள்ளை. உங்களுக்கும் இருக்க வேண்டும். ஆடியாவது அமாவாசையாவது, நானே தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருகிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோகிலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் கோபம் தணிய மாரியம்மன் துணை புரியட்டும்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு, ஆவணி 8:

கடிதத்தைக் கொண்டுபோகச் சொன்னால் பாக்கியம் இன்று மழை, நாளை தலைவலி என்று இழுத்தடித்தாள். அதற்குள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான். வாழைமர நோட்டைக் கண்டால் கடைக்காரர்கள் கையை ஆட்டித் துரத்துகிறார்கள். சேதி கேட்டதும் ஓடிவந்து தலையணையைக் கிழித்தேன். உள்ளே இலவம்பஞ்சு! செல்லாத நோட்டுக்கு அழுவதா, இல்லாத நோட்டுக்கு அழுவதா என்று தெரியாமல் மூக்கெல்லாம் பஞ்சாக உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியம் எட்டிப் பார்த்து, "எதுக்கு இப்படி அலறுறீங்க? காசு உங்களுக்குக் கழுத்து பிடிச்ச அந்த வாரமே மாடாயிடுச்சு" என்றாள். கோகிலா கொட்டகையில் நிற்கும் இரண்டும் நம்முடையவையாம். சிவப்பு அவளுக்கு, கறுப்பு பாக்கியத்துக்கு.

"யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்று கத்தினேன்.

"உங்களைக் கேட்டா ராகுவைக் கேக்கணும்பீங்க. உங்க மாப்பிள்ளையைக் கேட்டா ஆடியைக் கேக்கணும்பாரு. புள்ளைங்க பசிச்சா யாரைக் கேக்கும்?"

யோசனை கோகிலாவுடையதாம். "அண்ணனும் இவரும் சண்டை போட்டு முடிக்கட்டும் அண்ணி, நாம அதுக்குள்ள பங்கு பிரிச்சிடுவோம்" என்றாளாம். பிரிக்கத் தொடங்கியபோது ஜப்பான்காரன் மணிக்கு ராகு காலமாம், முடித்தபோது சூரியன் கணக்குக்கு ராகு காலமாம், மாப்பிள்ளை. எந்தக் கடிகாரத்தில் பார்த்தாலும் ராகுதான்.

ஆகவே மேலே எழுதியதில் ஆசிகளைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். இனிமேல் மாட்டுக்குப் புல் அறுப்பது நாம் இருவரும்தான் என்று பெண்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை நானே வருகிறேன். கையில் அரிவாள் இருக்கும், பயப்பட வேண்டாம், புல்லுக்குத்தான்.