கழலாத தோளுக்குக் கனத்த வைத்தியம்

கரமனை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் மிச்சமிருக்கும் என் நாலு பல்லும் பாயசம் குடிக்கும்போது விழட்டும்.

தொண்ணூறுகளில் நடந்தது. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக் கணக்கர் தாணுலிங்கத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே லட்சியம்: இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை, டிவி முன்னால், நேந்திரங்காய் வறுவலோடு.

குறுக்கே ஒரு பீரோ நின்றது. மச்சினன் பகவதிப்பெருமாள் அன்றைக்குத்தான் வலியசாலையில் மூன்றாம் மாடிக்கு வீடு மாறுவதாக ஏற்பாடு. அவனுடைய இரும்பு பீரோவுக்குள் எட்டுப் பேருக்கு இலை போட்டுப் பந்தி வைக்கலாம். அதன் தலைமாட்டைத் தூக்கும் பொறுப்பு அத்தானுக்கு.

தாணுலிங்கம் யோசித்தார். கடையில் கூட வேலை பார்க்கும் ஞானசிகாமணிக்கு பஸ்ஸில் தொங்கித் தோள் கழன்றபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் இவர். கழன்ற கையை எப்படித் தாங்க வேண்டும், எந்த இடத்தில் அலற வேண்டும், எல்லாம் கண்ணால் பார்த்துப் படித்த பாடம். காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தாயிற்று.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். மனைவி முத்தாரம்மாள் தக்கலைப் பக்கம் எலும்பு முறிவு, மூட்டுப் பிசகு பார்த்த ஆசானின் மகள். கல்யாணம்வரை கால் பிடித்தே வளர்ந்தவள். அப்பாவின் காலையல்ல, வைத்தியத்துக்கு வந்து துள்ளியவர்களின் காலை.

எதிர்வீட்டுச் சேஷன் வீட்டில் போன் பேசிவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

"இஞ்ச கேட்டேளா, தம்பி பேசினான்..."

"அய்யோ!" தாணுலிங்கம் வலது கையைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். "தோள் கழண்டு போச்சு! கொடியில துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன், டக்குனு ஒரு சத்தம்!"

"எனக்குக் கேக்கல்லியே."

"உள்ள கேட்டுது."

"இந்தக் கையால இடது தோளைத் தொடுங்க பாப்போம்."

இவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆஸ்பத்திரி டாக்டர் ஞானசிகாமணியைச் செய்யச் சொன்னதும் இதேதான். பாதிவரை கையைக் கொண்டுபோய், "முடியல்ல முத்து!" என்று தெருவுக்கே கேட்க அலறினார்.

"கழண்டா உருண்டை அமுங்கித் தோள் தட்டையாயிரும். உங்களுக்கு நல்லா உருண்டு இருக்கே?"

"அது வீக்கமாக்கும்."

"கழண்ட கை சட்டைக்குள்ள போகாது. சட்டை எப்பம் போட்டேள்?"

"கழண்ட பிறகு... இல்ல, முன்னால... நடுவுல."

முத்தாரம்மாள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக்கையைப் பார்த்தாள். "பாவம்," என்றாள். அப்போதே அவள் முகத்தில் ஆசான் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பகவதிகிட்ட நான் வரல்லன்னு சொல்லிரு," என்று முனகினார் தாணுலிங்கம்.

"அதையா இப்பம் பேசுகது? முதல்ல வைத்தியம். இழுத்து ஏத்தட்டா, தொங்கவிட்டு ஏத்தட்டா?"

"இழுத்துன்னா?"

"உங்க கக்கத்துல என் காலை ஊணிக்கிட்டு, கையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. அப்பாகிட்ட வந்த யானைப் பாகனே மயங்கி..."

"தொங்கவிடு!"

டிவிக்கு எதிரிலேயே பெஞ்சைப் போட்டாள். கணவரைக் குப்புறப் படுக்கவைத்தாள். வலது கை பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. ஆட்டுக்கல் குழவியைத் துணிப்பையில் போட்டு மணிக்கட்டில் கட்டினாள். தாணுலிங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தவை இரண்டு: சிமென்ட் தரை, ஒரு கட்டெறும்பு.

"தலையைத் திருப்பப்படாது. நரம்பு பிசகிரும்."

ஆட்டம் பார்க்கச் சேஷன் வந்தார். "என்ன ஓய், நீச்சல் பழகறீரா?"

"தோள் கழண்டிருக்கு சாமி. உக்காருங்கோ. வறுவல் முழுக்க உங்களுக்குத்தான். அவாளுக்குப் பத்தியம்," என்றாள் முத்தாரம்மாள்.

டிவி கத்தியது. சேஷன் துள்ளினார்.

"ஃபோரா, சிக்ஸரா?" என்று எறும்பிடம் கேட்டார் தாணுலிங்கம்.

"சொன்னா நீர் குதிப்பீர் ஓய். தோளுக்கு ஆகாது," என்றார் சேஷன், வறுவலை மொறுமொறுவென்று கடித்தபடி.

மத்தியானம் கஞ்சி குடிக்க எழும்ப அனுமதி கிடைத்தது. அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து. மறுபடி பெஞ்சு, மறுபடி குழவி. கை முழங்காலைத் தாண்டி நீண்டுவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. கடைசி ஓவர்கள் வந்தபோது தாங்கமாட்டாமல் கத்தினார்.

"ஏறிட்டு முத்து, ஏறிட்டு!"

"சத்தம் கேக்கல்லியே?"

"உள்ள கேட்டுது!"

"நல்லதாப் போச்சு. அப்பம் இப்பமே போய் பீரோவைத் தூக்கலாம்லா?"

பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "இறங்கிட்டு."

தெருவில் பட்டாசு வெடித்தது. பகவதிப்பெருமாள் குதித்துக்கொண்டு வந்தான். "அத்தான்! கடைசிப் பந்துல ஜெயிச்சாச்சு! இந்த மாதிரி ஆட்டம் இனி ஜென்மத்துல வராது! என்னத்துக்குக் குப்புறக் கிடக்கேள்?"

"நீ... வீடு மாறல்லியா?"

"லாரி கிடைக்கல்ல. அடுத்த ஞாயிறுன்னு காலம்பறவே அக்காகிட்ட போன்ல சொன்னேனே."

தாணுலிங்கம் தலையைத் தூக்கினார். முத்தாரம்மாள் நிதானமாகக் குழவியை அவிழ்த்தாள்.

"அதைச் சொல்லத்தானே வந்தேன். நீங்க சொல்ல விட்டேளா? சரி, போகட்டு. ஒரு வாரத்துல தோள் நல்லா உறச்சுக் கெட்டியாயிரும். அடுத்த ஞாயிறு பீரோவுக்குத் தலைமாடும் கால்மாடும் நீங்கதான்."

நடந்தது இவ்வளவுதான். நான் சொன்னதாக மட்டும் முத்தாரம்மாள் காதில் விழ வேண்டாம். அந்தக் குழவி இன்னும் அவள் வீட்டில்தான் கிடக்கிறது. எனக்கும் இரண்டு தோள். இப்போதைக்கு இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.