சாகாத தாயின் மறுப்பு

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, உங்கள் ஏழாம் பக்கத்தின்படி நான் செத்துப்போய்விட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளியே வரும் பெண்களுக்குச் சுவர் ஓவியம் கற்றுக்கொடுத்து வேலை வாங்கித்தரும் பயிற்சிக் கூடத்தைப் பற்றி எழுதினீர்கள், சந்தோஷம். என் மகளின் படத்தைப் போட்டீர்கள், அதுவும் சந்தோஷம். அடியிலே 'தாய் தந்தையற்ற இவளைக் கலைதான் பெற்றெடுத்தது' என்று போட்டீர்களே, அது யார் செய்த வேலை? கலையா பெத்துச்சு? ரெண்டு நாள் வலியில துடிச்சது நானய்யா! தந்தையைப் பற்றி எழுதியதை மாற்ற வேண்டாம், அந்த ஆள் இருந்தும் இல்லாதவர்தான்.

நான் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளர் உங்கள் பத்திரிகையை உரக்கப் படித்தார். "அப்ப நீ யாரு, சித்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். போட்டது போட்டபடி பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன். வாசலில் காவலாளி, "அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லையேம்மா, பேப்பர்லயே போட்டிருக்கே" என்று மறித்தான். "உன் பேப்பர்ல தீயை வைக்க" என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதில் ஒரு பெயின்ட் டப்பா கவிழ்ந்தது, மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்தேன், அது தேர்வுக்காக என் மகள் வரைந்த சுவராம், பெயின்ட் காயாத ஒட்டகச்சிவிங்கியாம். பாதி விலங்கு என் முதுகில் ஏறி வேலைக்கு வந்து பன்னிரண்டு விரிப்புகளைப் பாழாக்கியது. மேற்பார்வையாளர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இத்தனைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

மிச்சச் சுவரையும் யாராவது கெடுத்துவிடுவார்களோ என்று ஆறு நாளாக வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் ஸ்டூல் போட்டுக் காவல் காக்கிறேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து இன்னும் கோணல்தான். சொன்னால், "உனக்கென்னம்மா தெரியும்" என்கிறாள்.

ஆமாம், திருட்டில் மாட்டி இவள் இல்லத்துக்குப் போன பிறகு இரண்டு வருஷம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மானம் போச்சேன்னு ஆத்திரம். ஆத்திரம் வேற, சாவு வேற. கோவமா இருக்கிறவளைச் செத்தவன்னு எழுதிடுவீங்களா?

ஆகவே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் படத்தோடு, 'தாய் உயிரோடும் ஆத்திரத்தோடும் இருக்கிறார்' என்று போட வேண்டும். இல்லையென்றால் சூடான இஸ்திரிப் பெட்டியோடு நேரில் வருவேன்.

வயிறு எரிந்தாலும் வாழ்த்தாமல் விடக்கூடாது. உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும். யாராவது கேட்டால், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அவர்களாவது சொல்லட்டும்.

இப்படிக்கு,
சாகாத தாய்

பி.கு.: இது நான், மகள். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். உங்கள் நிருபர் மீது தப்பில்லை. "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார், இல்லை என்று சொன்னது நான்தான். பார்வையாளர் நாளில் இரண்டு வருஷம் வாசலையே பார்த்துவிட்டு, அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது தினமும் வந்து திட்டுகிறாள். மறுப்பு வந்துவிட்டால் கோபம் தீர்ந்து வராமல் இருந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். முடிந்தால் அடுத்த இதழிலும் ஏதாவது தப்பாகப் போடுங்கள்.