ஹேர் பேண்டைக் கண்டுபிடித்தவர்

கண்டுபிடிப்பாளர்களில் ஓர் இனம் கண்டுபிடிக்கும். இன்னோர் இனம், கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரியும். முதலாவதை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கு வேலை இருக்கும். இரண்டாவதைப் பார்க்க பெல்மதுளை பஸ்ஸில் ஏறினால் போதும். முன் சீட்டில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டு வருகிறாரே, அவர்தான் டெனிஸ்டன்.

துணியைச் சுருக்கி வளையமாகத் தைத்த ஹேர் பேண்டை எந்தப் பெண்ணின் தலையிலாவது கண்டுவிட்டால் போதும், "இது யாரு கண்டுபிடிச்சதுன்னு தெரியுமா, தங்கச்சி?" என்று ஆரம்பித்து, அந்தத் தங்கச்சி போனைக் காதில் வைத்தாலும், ஜன்னல் பக்கம் திரும்பினாலும், தூங்குவதுபோல் நடித்தாலும் விடாமல், இறங்குமிடம் வரை ரகசியத்தைச் சொல்லி முடிப்பார். "துணிய ரப்பர் பால்ல முக்கி எடுக்கணும். இழுவை தானா வந்துரும்."

உண்மையில் செய்தது யார்? அவர் மனைவி செலினா. ரப்பர் மரத்தில் குனிந்து பால் வெட்டும்போது முடி கண்ணை மறைக்கிறதென்று, துண்டுத் துணிக்குள் இலாஸ்டிக் கோர்த்துத் தைத்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் கேட்டார்கள், சர்ச்சில் கேட்டார்கள், கடைசியில் துணிக்கடை ஜுனைதீன் முதலாளியும் கேட்டார். டெனிஸ்டன் அந்த வளையத்தின் உள்ளே ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நேரமேது? பேச வேண்டியிருக்கிறதே.

"பேண்டைக் குத்தி விக்க அட்டை அடிக்கப் போறன். யார்ட பேரப் போடுற?" என்றார் ஜுனைதீன்.

தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலைத் தவிர வேறெங்கும் தன் பெயரைப் பார்த்திராத செலினா வாயைத் திறந்தாள். அந்த அட்டை அவளுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

"டெனிஸ்டன்னு போடுங்க, முதலாளி," என்றார் கணவர்.

"சரி. நாளைக்கி வந்து என்ட கண்ணுக்கு முன்னால ஒண்டு செஞ்சி காட்டுங்க. பொறகு அடிப்பம்."

மாட்டேன் என்பாரா? மறுநாள் போத்தல் நிறைய ரப்பர் பாலோடு, செலினாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். துணியை முக்கினார், பிழிந்தார், கண்டுபிடிப்பாளனுக்கு அடையாளமென்று கழுத்துவரை வளர்த்திருந்த தன் முடியிலேயே சுற்றிக் கட்டினார். முதலாளி கொடுத்த டீயை ரசித்துக் குடித்தார். அதற்குள் பால் உறைந்துவிட்டது. கழற்ற இழுத்தால் துணியோடு முடியும், முடியோடு தலையும் வந்தன.

செலினா கடைக் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆனால் வெட்டவில்லை.

"சொல்லுங்க. ஹேர் பேண்டை யாரு செஞ்சது?"

"நீதான். ஆனா ஐடியா என்னோ..."

கத்தரிக்கோலை மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"ஐடியாவும் ஒன்னோடதுதான் செலினா. வெட்டு."

அட்டையில் இப்போது செலினா என்று அச்சாகியிருக்கிறது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் அட்டையை பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். டெனிஸ்டனோ அதே முன் சீட்டில், மொட்டையான பின்னந்தலையைத் தடவியபடி, "பின்னால ஒட்ட வெட்டுற இந்த ஸ்டைல் இருக்கே, யாரு கொண்டு வந்ததுன்னு தெரியுமா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

சிரிக்கிறீர்கள். சந்தோஷம். நாளைக்கு இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்வீர்கள். எப்படி ஆரம்பிப்பீர்கள்? 'எங்கேயோ படித்தேன்' என்றா, 'எனக்குத் தெரிந்த ஒருத்தர்' என்றா? எதற்கும் வாயைத் திறக்குமுன் உங்கள் பின்னந்தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.